ஞாயிற்றுக்கிழமை சினை ஊசி

யாருமே கடை போடாத தெருவில் நாம் மட்டும் கடை போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, தெருவைப் பற்றி விசாரித்துவிட்டு நம்புகிறவர்கள். இன்னொன்று நான்.

அப்போது எலப்புள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைத்து சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தேன். (முதலாளி, தொழிலாளி, டீ வாங்கி வருகிறவர் எல்லாம் நானே.) மாடு வைத்திருப்பவர்களுக்கான சாஃப்ட்வேர். எந்த மாட்டுக்கு எப்போது சினை ஊசி போட்டது, எப்போது கன்று போடும், எவ்வளவு கறக்கிறது, எல்லாவற்றையும் போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம். நல்ல சரக்கு, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதுவரை அதை வாங்கியிருந்தது என் அத்தை மகன் மட்டும்தான். அவனிடம் மாடு கிடையாது.

இந்த லட்சணத்தில் கொல்லங்கோட்டில் ஒரு வரன் அமைந்தது. பெண் பெயர் சுகன்யா. போய்ப் பார்த்தோம், எனக்குப் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது (தரகர் சொன்னார்). அவளுடைய அப்பாதான் இடித்தார். நாலைந்து கறவை மாடு வைத்திருக்கிற மனிதர், என் தொழிலைப் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"மாட்டுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர்?" என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். "பையன் ஊட்டுலயே உக்காந்துட்டு என்னதானுங்க பண்றாரு?"

ஆடி கழியட்டும், ஆவணி முதல் ஞாயிறு நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். எனக்குக் கணக்கு தெளிவாகப் புரிந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது கம்பெனிக்கு ஒரு போனாவது வர வேண்டும். வராவிட்டால் சுகன்யா இல்லை.

போன் வர வேண்டுமென்றால் இணையத்தில் தேடுகிறவன் கண்ணில் நான் பட வேண்டும். 'பண்ணை சாஃப்ட்வேர்' என்று தேடினால் பெரிய கம்பெனிகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. என் பக்கம் எங்கோ அடியில், நானே தேடினாலும் கிடைக்காத இடத்தில் கிடந்தது. ஆகவே போட்டியே இல்லாத ஒரு கீவேர்டைப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். ஜனங்கள் தேட வேண்டும், ஆனால் பதில் சொல்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஆடி மாசம் பாதி அதே வேலையில் போனது. சோறு தட்டில் காயும், நான் தேடல் பெட்டியில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டிக்கொண்டிருப்பேன். கடைசியில் கிடைத்தது: 'ஞாயிற்றுக்கிழமை சினை ஊசி'. நம் பக்கத்து ஆட்கள் தேடுகிறார்கள். பதில் சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை.

ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் எங்கே யோசித்தேன்? அதையே தலைப்பாக்கி, பின்னாலேயே வேலந்தாவளம், எலப்புள்ளி, கொல்லங்கோடு என்று ஊர்களையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். ஊசித் தேதியைக் குறித்து வைக்க எங்கள் சாஃப்ட்வேர் எப்படி உதவும் என்று கீழே நீளமான விளக்கம். அடியில் கொட்டை எழுத்தில் என் செல் நம்பர். நம்பிக்கை வரட்டும் என்று வீட்டு விலாசம், மேப் சகிதம். ஆவணி பிறப்பதற்குள் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. (அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள்.)

ஞாயிறும் வந்தது. சுகன்யாவின் அப்பா, சித்தி, தரகர் மூவரும் முன்னறையில் உட்கார்ந்து கேசரியில் கை வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"எடுங்க தம்பி. யாவாரத்தை விடக்கூடாது" என்றார் சுகன்யாவின் அப்பா.

எடுத்துப் பேசித் தொலைத்திருக்கலாம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க, ஊசி போடறவருங்களா?"

"இல்லைங்க, இது சாஃப்ட்வேர் கம்பெனிங்க."

"ஏதோ ஒண்ணுங்க. மாடு பருவத்துக்கு வந்து காத்தால இருந்து கத்திட்டே இருக்குது. மிருகாசுபத்திரி இன்னைக்கு லீவு. எப்ப வர்றீங்க?"

"நாங்க ஊசி போட்ட தேதியைக் குறிச்சு வெக்கறவங்கங்க."

"போட்டாத்தானுங்க குறிக்கறதுக்கு. மொதல்ல வந்து போடுங்க."

வைத்தேன். மறுபடி அடித்தது. இன்னொருத்தர், ஜெர்சி ஊசி இருக்கிறதா என்று கேட்டார். அதற்கடுத்தவர், போன தடவை போட்டது சினை நிற்கவில்லை என்று என்னைத் திட்டினார். நான் போடவே இல்லையே என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார். சித்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு தரகரைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேருன்னுதானுங்களே சொன்னீங்க?"

தரகர் கேசரியை மென்று முடிக்கவே மாட்டேன் என்று மென்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வேலந்தாவளத்துக்காரர் ஒருவர், போன் பிஸியாகவே இருந்ததால் மேப்பைப் பார்த்து மாட்டோடு கிளம்பி வந்துவிட்டார். இறக்கி, என் பெயர்ப்பலகைக் கம்பத்திலேயே கட்டினார். அது தெருவே அதிரக் கத்தியது. அம்மா உள்ளே போய் அழுதார்கள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் மாட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இன்னைக்கு உட்டா மறுபடி பருவத்துக்கு வர இன்னும் மூணு வாரமுங்க, நீங்கதான் பாத்துச் செய்யோணும்."

சுகன்யாவின் அப்பா எழுந்தார். போய்விடப் போகிறார் என்று நினைத்தேன். நேராக மாட்டிடம் போனார், ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், தன் போனை எடுத்துத் தெரிந்த ஊசிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் பைக்கில் சினை ஊசிக் கேனோடு வந்து, எங்கள் வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் காரியத்தை முடித்துவிட்டுப் போனார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பெண் வீட்டார் வருகிறார்கள் என்று எடுத்த புதுச் சட்டையோடு.

சுகன்யாவின் அப்பா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தரகரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி என்ன பண்றாருன்னு எனக்கு இன்னும் வெளங்கலைங்க. ஆனா ஊசி கையில இல்லாதப்பவே மாட்டை ஓட்டிட்டு ஆளு தேடி வருது. இருந்தா வுடுவாங்களா? தேதி பாருங்க."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. பக்கத்தை அன்று சாயங்காலமே அழித்துவிட்டேன். என்ன பிரயோஜனம்? என் நம்பர் அதற்குள் பால் சொசைட்டி வாட்ஸப் குரூப்புகளுக்குள் புகுந்துவிட்டது. இன்றைக்கும் ஞாயிறு விடிந்தால் போன் அடிக்கிறது. சுகன்யாதான் எடுப்பாள், அந்த ஊசிக்காரர் நம்பரைக் கொடுத்து வைப்பாள். கொல்லங்கோட்டுப் பக்கம் நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'ஊசி மாப்ள வந்தாச்சு, பந்தி போடுங்க' என்றுதான் வரவேற்பு.

வேலந்தாவளத்துக்காரர் மாடு கிடேரிக் கன்று போட்டது. எங்கள் ஞாபகமாகப் பெயர் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கும் ஒன்றரை வயசு ஆகிவிட்டது. போன மாசம் ஒரு ஞாயிறு, மாமனார் குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வேலந்தாவளத்துக்காரரே கூப்பிட்டார். சுகன்யா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, சாஃப்ட்வேரு காத்தால இருந்து கத்துதுங்க. யாரையாச்சும் அனுப்பி வெய்யுங்க."

அந்த கீவேர்டின் புண்ணியத்தில், சாஃப்ட்வேர் என்று வாய் திறந்து சொல்லி எனக்கு வந்த முதல் போன் அதுதான்.