நடுவூர்க் குளமும் நீர் வாரியத் தலைமையகமும்

வரைபடத்தில் தேடினால் அகப்படாததும், வரி செலுத்தும் காலத்தில் மட்டும் தவறாமல் தன்னை நினைவூட்டுவதுமான நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் தண்பதி. தலைநகருக்கும் அதே பெயர். அந்நாட்டின் அரசர் மிக நல்லவர் என்று எல்லாரும் கூறினர். அவரை நேரில் கண்டவர் ஒருவரும் இலர் ஆகையால், அக்கூற்றை மறுப்பாரும் இலர். அரசருக்குப் பதிலாக வாரியங்கள் ஆண்டன. உப்புக்கு ஒரு வாரியம், விளக்குக்கு ஒரு வாரியம், துக்கம் விசாரிக்க ஒரு வாரியம். அவற்றுள் தலையாயது நீர் வழங்கு வாரியம். ஊர் நடுவே இருந்த குளத்தில் ஊரார் தாமே இறங்கித் தாமே மொண்டு தாமே சுமந்து சென்றனர். எனினும் அந்நீரை அவர்களுக்கு வழங்குவது வாரியமே என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது.

தண்பதியில் வாக்களிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. கை உயர்த்துவதும் ஓலை இடுவதும் அங்கே செல்லா. ஒவ்வொருவரும் குடத்தில் நீர் கொணர்ந்து, தாம் விரும்பும் தரப்பின் தொட்டியில் ஊற்ற வேண்டும். எத்தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கிறதோ அத்தரப்பு வென்றதாகும். இதற்குக் குடவாக்கு என்று பெயர். வாயால் சொல்லும் கருத்துக்கு உழைப்பு இல்லை, இடுப்பில் சுமந்து வந்த கருத்தே கருத்து என்பது முன்னோர் கொள்கை.

குளத்தின் தென்கரையில் சாயப்பட்டறை வைத்திருந்தாள் உலகம்மை. கணவன் காலமான பிறகு, அவன் தங்கை கோமதியைத் துணையாகக் கொண்டு அவளே நூலுக்குச் சாயமேற்றி வந்தாள். சாயமேற்றிய நூலை ஓயாமல் அலச வேண்டும். குளம் இருந்தால் பட்டறை; குளம் இல்லையேல் இரண்டு பெண்களுக்கும் அடுப்பு எரியாது. அவளுக்கு எதையும் எளிதில் நம்பும் பழக்கம் கிடையாது. பால்காரர் அளக்கும்போது படியைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்ப்பாள். கோயிலில் திருநீறு கொடுத்தால் முகர்ந்து பார்த்த பின்பே பூசுவாள்.

“எங்க மதினிக்குச் சந்தேகம் தீரணும்னா, சாமியே நேர்ல வந்து சத்தியம் பண்ணணும்” என்பாள் கோமதி. “அப்பவும் யாரு மேல சத்தியம்னு கேப்பாக.”

ஒரு கோடைக்காலத்தின் தொடக்கத்தில் முரசு அறையப்பட்டது. நீர் வழங்கு வாரியத்தின் பழைய கட்டடத்தில் மழைநீர் ஒழுகுவதாலும், ஒழுகும் நீரைப் பிடித்து வைக்க வாரியத்தில் ஏற்பாடு எதுவும் இல்லாமையாலும், நகரின் நடுவே புதிய தலைமையகம் ஒன்று எழுப்பப்படும் என்பது செய்தி. அதற்கு இரண்டு இடங்கள் குறிக்கப்பட்டன; எதில் கட்டுவது என்பதைக் குடவாக்கால் முடிவு செய்ய இரண்டு இடத்திலும் ஒவ்வொரு தொட்டி வைக்கப்படும். ஒன்று, நடுவூர்க் குளம். மற்றொன்று, கடைத்தெருவின் பின்னால் இருந்த பழைய யானைக் கொட்டில். யானைகள் மறைந்து பல்லாண்டு ஆகிவிட்டமையால், நீரமைச்சரின் மைத்துனரான மருதையா அதனைக் குத்தகைக்கு எடுத்துத் தம் தண்ணீர் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். செல்வர் வாழும் அரண்மனைத் தெருவுக்கு மட்டும் அவ்வண்டிகள் சென்று வந்தன.

இடத்தேர்வு ஆணையர் திருமேனிநாதர் குடையோடும் பரிவாரத்தோடும் குளக்கரைக்கு எழுந்தருளினார். உலகம்மை, நீலம் பிடித்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்.”

“சந்தேகம் கேட்பதற்கென்று தனி வேளை ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வேளை முடிந்துவிட்டது. ஆயினும் கேளுங்கள்.”

“தண்ணி நிக்கிற எடத்துல அரசாங்கம் கல் நடக்கூடாதுன்னு, இந்தா, இந்தப் படித்துறைக் கல்லுலயே வெட்டியிருக்குல்லா? பெறவு குளத்தை எதுக்கு ஓட்டுக்கு விடுதீக?”

ஆணையர் குனிந்து அக்கல்வெட்டைப் படித்தார். இருமுறை படித்தார். படித்து முடித்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

“மிகச் சிறந்த சட்டம். வாரியம் இதனை எழுத்துப் பிசகாமல் காக்கும். நீர் நிற்கும் வரையில் இங்கே ஒரு செங்கல்லும் விழாது.”

“அப்போ ஓட்டு எதுக்கு?”

“சட்டம் முன்னோரின் விருப்பம். வாக்கு இன்றுள்ளோரின் விருப்பம். இரு சாராரையும் கேளாது கட்டடம் கட்டுவது கொடுங்கோன்மை ஆகும், அம்மையாரே.”

பரிவாரம் நகர்ந்த பிறகும் உலகம்மை அவ்விடத்தை விட்டு அசையவில்லை. “நிற்கும் வரையிலன்னு சொல்லும்போது அந்தாளு கண்ணு குளத்து மேல போயிட்டு வந்துது, கோமு. எனக்கு அது நல்லாப் படல.”

“உங்களுக்கு எதுதான் மதினி நல்லாப் பட்டிருக்கு?”

எனினும் குளத்தைக் காக்க முதலில் இடுப்பை வரிந்து கட்டியவள் உலகம்மையே. வீடு வீடாகச் சென்றாள். கொட்டில் தொட்டியில் ஒவ்வொருவரும் ஊற்றியாக வேண்டும் என்றாள். பானை விற்கும் பிச்சாண்டி, அவளைக் கண்ட இடமெல்லாம் கும்பிட்டான்.

“தாயி, நல்ல காரியம் பண்ணுதீக. ஓட்டுக்குப் பழைய குடம் ராசியில்லன்னும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிருங்க.”

முதல் குடவாக்கில் ஆளுக்கு ஒரு குடம் என்பது விதி. ஊரே குளத்தில் மொண்டு, கடைத்தெரு வழியே சென்று, கொட்டில் தொட்டியில் ஊற்றியது. குளக்கரைத் தொட்டியில் வாரிய ஊழியர் மட்டுமே தலைகுனிந்தபடி ஊற்றிச் சென்றனர். அதில் கணுக்காலளவே நீர் தேங்கிற்று. மறுநாள் காலையில் எண்ணிக்கைக்காகச் சென்று பார்த்தபோது கரைத் தொட்டி அவ்வாறே இருந்தது. கொட்டில் தொட்டி வறண்டு கிடந்தது.

“கடுங்கோடை” என்றார் ஆணையர் வருத்தத்துடன். “மக்கள் கருத்து ஆவியாகிவிட்டது.”

“எங்க கருத்து மட்டும் ஆவியாகுமோ? அங்கன உங்க ஆளுக ஊத்துனது அப்படியே கெடக்கே!” என்றாள் உலகம்மை.

“உறுதியான கருத்து ஆவியாவதில்லை. தங்களுடையது போதிய ஆழம் இல்லாதது. அதனை ஆழப்படுத்த வாரியமே மறுவாய்ப்பு நல்குகிறது.”

இரண்டாம் ஆணைப்படி ஆளுக்குப் பத்துக் குடம். உலகம்மை அன்று பட்டறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பத்துக் குடங்களிலும் அவுரி நீலத்தைக் கரைத்தாள்.

“என்ன மதினி, ஓட்டுக்குப் போய்ச் சாயம் ஏத்துதீக?”

“தொலைஞ்சு போற பிள்ளைக்கு அடையாளம் வேணுமுல்லா? வாயை மூடிக்கிட்டுக் குடத்தைத் தூக்கு.”

அன்று மாலை குளத்தில், அதுவரை ஒருவரும் கண்டிராத படிகள் சில பாசியோடு வெளித்தோன்றின. அவற்றைக் கண்டு அஞ்ச ஒருவருக்கும் ஓய்வில்லை. மறுநாள் கொட்டில் தொட்டி மீண்டும் வறண்டு கிடந்தது. அதே வாரத்தில், அரண்மனைத் தெருவைத் தவிர வேறெங்கும் செல்லாத மருதையாவின் வண்டிகள் கடைத்தெருவிலும் மணியடித்துத் தண்ணீர் விற்கலாயின. உலகம்மை ஒரு குடம் வாங்கி, வெள்ளைத் துணி ஒன்றை அதில் நனைத்துப் பிழிந்து வெயிலில் பிடித்தாள். வானத்தின் நிறம் தெரிந்தது.

அக்குடத்தையும் துணியையும் ஏந்திக்கொண்டு அவள் ஆணையரின் அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

“இது யாது?” என்றார் திருமேனிநாதர்.

“என் ஓட்டு. மருதையா வண்டியில காசு குடுத்து வாங்கியாந்தேன்.”

“தங்கள் வாக்கு என்பதைத் தாங்கள் எவ்வாறு அறிவீர்கள்?”

“நான் போட்ட நீலம் எனக்குத் தெரியாதா?”

ஆணையர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அம்மையாரே! வாக்கு என்பது இரகசியமானது. இன்னாருடையது என்று அடையாளம் காணுமாறு வாக்குக்கு நிறமூட்டுவது இந்நாட்டில் பெருங்குற்றம். தங்கள் வாக்குச் செல்லாது. அதனோடு கலந்தமையால் அத்தொட்டியில் இருந்த ஊரார் வாக்கு முழுவதும் மாசுபட்டது. வேறு வழியின்றி மூன்றாம் முறையும் குடவாக்கு நடத்த வேண்டியதாயிற்று. இதற்குத் தாங்களே பொறுப்பு.”

“அது கெடக்கட்டும். தொட்டித் தண்ணி வண்டிக்கு எப்படிப் போச்சு? அதைச் சொல்லும்.”

“அதனை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. நீரின் போக்கை நன்கு அறிந்தவர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும் அன்றோ? திரு. மருதையா பெருந்தன்மையுடன் இசைந்திருக்கிறார்.”

மூன்றாம் ஆணை பெருந்தன்மையில் முந்தைய இரண்டையும் விஞ்சிற்று. மக்கள் கருத்துக்கு அளவு விதிப்பது அறமன்று ஆகையால், இம்முறை ஒவ்வொருவரும் மனம் நிறையும் வரையில், எத்தனை நாளாயினும் ஊற்றலாம். ஆவியாதல் பற்றிய புகாரைக் களையும்பொருட்டு, கொட்டிலில் முற்காலத்தில் யானைகள் குளித்த பெருங்கற்றொட்டியே வாக்குத் தொட்டியாகும். ஐயம் உள்ளவர் முன்னரே வந்து சோதித்துக்கொள்ளலாம்.

உலகம்மைக்கு ஐயம் இருந்தது. அவள் அத்தொட்டிக்குள் இறங்கி நான்கு மூலைகளையும் கல்லால் தட்டிப் பார்த்தாள். அடித்தளத்தின் இடுக்குகளில் விரலை விட்டுத் தடவினாள். சுவரோரம் காது வைத்துக் கேட்டாள். துளை இல்லை, மதகு இல்லை, களவு ஏதும் இல்லை. மேலே ஏறி வந்தபோது, ஊர் முழுவதும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

“ஓட்டை இல்ல” என்றாள். “ஊத்துங்க!”

அச்சொல்லுக்குப் பின் நடந்தது தேர்தல் அன்று, திருவிழா. கைக்குழந்தையை ஒரு பக்கமும் குடத்தை மறுபக்கமும் இடுக்கிக்கொண்டு பெண்கள் ஓடினர். முதியவர் செம்பில் ஏந்தி வந்தனர். பிச்சாண்டியின் சூளை அணையவே இல்லை. கரைத் தொட்டியில் வாரிய ஊழியர் ஊற்ற ஊற்ற, அவர்களை மிஞ்ச வேண்டும் என்ற வெறி ஊருக்குள் புகுந்துவிட்டது. குளத்துக்குள் இறங்குபவர்கள் நாளுக்கு நாள் மேலும் கீழே இறங்க வேண்டியிருந்தது. கடைசியில் கோமதி, சேற்றில் முழங்கால் புதைய நின்று, தேங்காய்ச் சிரட்டையால் நீரை வழித்துக் குடத்தில் விட்டாள்.

“மதினி, இதுக்கு மேல சேறுதான் வருது.”

“இந்த ஒரு குடந்தானே. கொண்டா.”

யானைத் தொட்டி விளிம்பு தட்டி நின்றது. மறுநாளும் நின்றது. ஆவியாகவில்லை. ஆணையர் உயர்ந்த பீடத்தின் மேல் ஏறி முடிவை அறிவித்தார்.

“நடுவூர்க் குளத்தில் தலைமையகம் கட்டலாகாது என்பது மக்கள் தீர்ப்பு. வாரியம் அத்தீர்ப்புக்குத் தலைவணங்குகிறது.”

ஊர் கூச்சலிட்டது. உலகம்மையின் வாழ்வில் முதன்முறையாக, எதையும் திருப்பிப் பார்க்காமல் ஒரு செய்தியை அவள் நம்பினாள். கோமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவள் கண்ணைத் துடைத்தபோது, அளவுச் சங்கிலியுடன் ஆட்கள் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தனர்.

அவள் பீடத்தை நோக்கி ஓடினாள். “ஐயா! குளத்துல கட்டக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னீக!”

“சொன்னேன். குளம் எங்கே இருக்கிறது?”

உலகம்மை கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அங்கே வெடிக்கத் தொடங்கிய சேறும், அதன்மேல் செத்த மீன்களைக் கொத்தும் காக்கைகளும், உச்சிப் படி முதல் கடைசிப் படி வரையில் ஈரமின்றி நிற்கும் படித்துறையும் இருந்தன.

“நீரற்ற பள்ளம் குளம் ஆகாது” என்றார் ஆணையர் மென்மையாக. “வாரியப் பதிவுகளில் அது இன்று முதல் நடுவூர்த் திடல்.”

“அப்போ கொட்டில்? நாங்க செயிச்ச எடம் கொட்டில்தானே? அங்கன கட்டும்!”

திருமேனிநாதரின் முகம் கடுமையுற்றது. சட்டத்தை மீறச் சொன்னால் எந்த நேர்மையான அதிகாரிக்கும் வரக்கூடிய கடுமை அது.

“நீர் நிற்கும் இடத்தில் அரசு கல் நாட்டலாகாது. கல்வெட்டைத் தாங்களே எனக்குக் காட்டினீர்கள். யானைக் கொட்டிலில் இப்போது எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைச் சென்று பாருங்கள். அவ்விடத்தை ஒருவரும் தொட முடியாது. குத்தகைதாரரைத் தவிர.”

ஓராண்டுக்குள் நடுவூர்த் திடலில் தலைமையகம் எழுந்தது. மண்டபத்தின் வாயிலில், குடம் சாய்த்து நீர் வார்க்கும் பெண்ணின் கற்சிலை ஒன்றும் நிறுவப்பட்டது. பழைய கல்வெட்டைச் சிதைக்கவில்லை. நன்கு கழுவி, வரவேற்பறையில் எல்லாரும் காணுமாறு பதித்தனர். சாயப்பட்டறை இருந்த இடம் வாரிய அதிகாரிகளின் பல்லக்குகள் நிற்கும் முற்றமாயிற்று. உலகம்மையும் கோமதியும் அம்முற்றத்தைப் பெருக்கும் வேலையில் அமர்த்தப்பட்டனர். இடத்தை இழந்தோருக்கு வேலை நல்குவதில் வாரியம் தாராளமானது.

வேறு நாடுகளில் வேட்பாளர் வாக்கை விலை கொடுத்து வாங்குவர் என்று கேள்விப்பட்டுத் தண்பதி மக்கள் அருவருப்படைவது உண்டு. அத்தகைய இழிசெயல் அந்நாட்டில் ஒருபோதும் நடந்ததில்லை. அங்கே குடிகள்தாம் தங்கள் வாக்கைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினர். நாள்தோறும், குடம் குடமாக, மருதையாவின் வண்டியிலிருந்து.

ஒரு காலைப் பொழுதில் வண்டிக்காகப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தபோது மீண்டும் முரசு ஒலித்தது. புதிய தலைமையகத்துக்கு யார் பெயரைச் சூட்டலாம் என்பதை மக்களே முடிவு செய்யலாம். நீரமைச்சர் பெயருக்கு ஒரு தொட்டி, அவர் தந்தையார் பெயருக்கு ஒரு தொட்டி; இரண்டும் அருகிலேயே வைக்கப்பட்டாயிற்று. குடத்தில் நீர் இல்லாதோர் மருதையாவிடம் கடனாகப் பெற்று வாக்களிக்கலாம்.

“அவரு அப்பன் பரவாயில்ல மதினி” என்றாள் கோமதி. “அவராவது செத்துப் போனாரு. இந்தாளு பேரை மட்டும் வரவிடக்கூடாது.”

வரிசை கலைந்தது. பெண்கள் விரைந்தனர். முரசுக்காரரின் குரலில் கள்ளம் தொனிக்கிறதா என்று உலகம்மை கூர்ந்து கேட்டாள். மருதையாவின் வண்டிக்காரன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று நோக்கினாள். முதல் தொட்டியை ஐயத்துடன் பார்த்தாள்; இரண்டாம் தொட்டியை அதனினும் ஐயத்துடன் பார்த்தாள். அடியில் துளை இருக்கிறதா என்று குனிய முயன்றபோது, ஏதோ இடித்துக் குனிய விடாமல் தடுத்தது.

அவளுடைய குடம்தான். அது எப்போது தரையை விட்டு இடுப்புக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.