எங்கள் வீட்டுக் கடம்ப மரம் இன்னும் நிற்கும் காரணம்

மரியாதைக்குரிய சம்பந்தி தீனநாத் சைகியா அவர்களுக்கு, போர்ஜான் கிராமத்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் போலோராம் கலிதா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவியும் மகள் நிஜராவும், எங்களோடு வாசல் கடம்ப மரத்தில் குடியிருக்கும் பதினாறு ஹர்கிலா நாரைகளும் சுகம். நகாவ்னில் தாங்கள் எல்லோரும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று தங்கள் பட்டுச் சால்வையில் நாரை கக்கிய மீன் விழுந்ததையும், "இந்த மரம் நிக்கிற வாசல்ல என் மகன் மாப்பிள்ளையா வந்து இறங்கமாட்டான்" என்று தாங்கள் சொல்லிப்போனதையும் நான் மறக்கவில்லை. வெட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு தந்தியைக்கூடத் தாமதமாகக் கொடுத்ததில்லை. ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

மறுநாளே மரம்வெட்டி ரத்னேஸ்வரைக் கூட்டிவந்தேன். வந்து பார்த்தால் அடிமரத்தைச் சுற்றிப் பதினோரு தறி! என் மனைவி ஹேமப்ரபா ஊர்ப் பெண்களைத் திரட்டி, தலைக்கு மேல் குடையைக் கட்டிக்கொண்டு நெய்கிறாள். குடைமேல் சொத்துச் சொத்தென்று எச்சம் விழுகிறது. ஒருத்தி நிமிர்ந்து பார்க்கணுமே! "கோடாலி வீச இடம் இருந்தா வீசிக்கோங்க" என்கிறாள் ஹேமப்ரபா. ரத்னேஸ்வரின் மனைவியும் அங்கேதான் இருந்தாள். "சும்மாதானே நிக்கிற? இந்த நூலைப் பிடி" என்றாள் அவனிடம். சாயங்காலம்வரை பிடித்துக்கொண்டு நின்றான், பாவம்.

வனத்துறை அதிகாரியிடம் போனேன். "மரம் உங்களோடது, கூடு அரசாங்கத்தோடது. தொட்டா ஜெயில்" என்றார். "அப்ப கீழ விழுற அழுகல் மீன் யாரோடதுங்க?" என்றேன். "அதுக்கு எங்ககிட்ட ஃபைல் இல்லீங்க" என்று சொல்லி, மரத்தடிக்கே வந்து என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் 'நாரைகளின் காவலர்' என்று என் படம்! நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறேன், கீழே நான் ஆனந்தக் கண்ணீர் விடுவதாக எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஹேமப்ரபாவிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை. "உங்க அப்பா காலத்துல இந்த ஊர்ல பதினேழு மரத்துல கூடு இருந்துச்சு. அபசகுனம்னு ஆம்பளைங்க ஒவ்வொண்ணா வெட்டினீங்க. எந்த வீட்டுல சகுனம் நல்லாயிடுச்சு, சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன், சம்பந்தி. ஒரு வீடுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

போன வாரம் பருவம் தப்பிய காற்றில் ஒரு குஞ்சு கீழே விழுந்தது. வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்து, ஓய்வுபெற்ற எங்கள் தபால் இன்ஸ்பெக்டர் மாதிரியே முறைப்பு. கல்யாணத்துக்கென்று நெய்து வைத்த பட்டு மேகலாப் பாவாடையில் அதைச் சுற்றித் தூக்கிவந்தாள் ஹேமப்ரபா. நிஜரா ராவும் பகலும் மீன் நறுக்கி ஊட்டினாள். மூன்றாம் நாள் அது எழுந்து நின்று என் மூக்குக்கண்ணாடியைக் கொத்தியது. அம்மாவும் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர், கண்ணாடி போனதற்கு என்றே சொல்லிவைத்தேன். இப்படிப்பட்டவளோடு முப்பது வருஷம் இருந்தும், அவளுக்கு உப்பு போடத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறெதையும் நான் கவனித்ததில்லை.

ஆகையால், சம்பந்தி, மரத்தை வெட்டமாட்டேன். குஞ்சுகள் பறக்கச் சித்திரை முடிய ஆகும். வைகாசிவரை பொறுப்பீர்களானால் என் பாக்கியம். முடியாதென்றால், மாப்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
போலோராம் கலிதா

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போனால், தங்கள் வீட்டம்மா ஹேமப்ரபாவோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்து நாள் முன்பே இரண்டு பேரும் வைகாசியில் தேதி குறித்து, பத்திரிகையும் அச்சடித்தாயிற்றாம். அதில் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் நாரை. நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்கும் எனக்கும் தபாலில் வருமாம்.