முப்பத்திரண்டாவது தாள்

முப்பத்தொரு தாள்கள் மேசைமேல் இருந்தன. முப்பத்திரண்டாவது தாளின் சொந்தக்காரி, மூக்குக்கண்ணாடி போட்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கணக்கு வாத்தியார் முன்னால் நின்றாள்.

"சார், நான் டாக்டர் ஆகல."

"நேத்து வரைக்கும் ஆகிட்டிருந்தியேம்மா?"

"அது நேத்து சார். இன்னைக்குக் கலங்கரை விளக்கத்துல விளக்கு ஏத்தப் போறேன்."

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். விடை அங்கே இருந்ததில்லை. ஆனால் மேகங்கள் இருந்தன. அதுவே பாதி ஆறுதல்.

கல்வித் துறையின் புது ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் பத்து வருஷம் கழித்து என்னவாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். அதில் இன்றைய தேதிக்கு எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறது என்பதை வாத்தியார் அளந்து பதிய வேண்டும். பிள்ளை கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. குறிக்கோள் மாறினால் பழைய தாள் செல்லாது. தினமும் நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்து எண்ணுவார். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு நாள் முப்பத்திரண்டும் முழுசாக இருந்துவிட்டால், வாத்தியாருக்குத் தலைமை அலுவலகத்தில் 'குறிக்கோள் அளவீட்டு அதிகாரி' பதவி; மூத்தவர் என்பதால் முதல் வாய்ப்பு அவருக்கு.

அந்தப் பதவிக்கு ஒரு நாற்காலி உண்டு. கை வைத்தது. சுற்றும். இருபத்துமூன்று வருஷமாக ஆடும் மரநாற்காலியில், ஆடாத மாதிரி உட்கார்ந்து பழகிய வாத்தியாரின் நினைவில் அது தரையைத் தொடாமல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டுமே என்று திங்கட்கிழமையே விஷயத்தைச் சொல்லிவிட்டார். "முப்பத்திரண்டும் சேர்ந்த அன்னைக்கு நான் கிளம்பிடுவேன். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

வகுப்பு அப்படி ஓர் அமைதியில் இருந்து அவர் பார்த்ததில்லை. பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மனிதர் கணக்கில்தான் கெட்டி.

தாள்களைப் படிக்கப் படிக்க அவருக்கு வேறொன்று நடந்தது. பிற்பகல் வெயிலில், சாக்பீஸ் தூசிக்கு நடுவே, பெஞ்சில் இருந்த பிள்ளைகள் பத்து வயது கூடிப்போனார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு விமானி முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான். ஜன்னலோரம் ஒரு நீதிபதி, கறுப்பு அங்கியில் மைக்கறையோடு, "சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். இப்போது அந்த டாக்டர் எழுந்து, வெள்ளைக் கோட்டை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு, வெளிச்சத்துக்குள் நடந்து போனாள்.

"சரி, விளக்கே ஏத்து. அதை எப்படிம்மா அளக்கிறது?"

"நிறையப் படி ஏறணும் சார்."

பள்ளி மாடிப்படியில் அவள் பதினான்கு முறை ஏறி இறங்கினாள். எண்ணிக்கை தவறக்கூடாது என்று அவரும் கூடவே ஏறினார். பதினான்காவது முறை உச்சியில் நின்றபோது அவர் கண்ணுக்குக் கடலே தெரிந்தது. கீழே வந்து மூச்சு வாங்க, 'அறுபத்திரண்டு சதவீதம்' என்று எழுதினார்.

"அம்மா கையெழுத்து?"

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க சார்."

மணி நாலு. தாள் முப்பத்தொன்று.

புதன்கிழமை காலையில் அம்மா கையெழுத்து வந்தது. முப்பத்திரண்டு! மூன்றரை மணிக்கு, வகுப்பு வாயாடியின் அப்பாவான பஸ் டிரைவர், சீருடையோடு வந்து நின்றார்.

"சார், பையன் விஞ்ஞானி ஆகலையாம். என் கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க."

"கையெழுத்தை எப்படிங்க திருப்பித் தர்றது?"

"அப்ப தாளோட குடுங்க."

"வேற என்னதான் ஆகப் போறானாம்?"

"யோசிக்கணுமாம். 'பத்து வருஷம் டைம் இருக்குல்லப்பா'ன்னு கேக்கிறான். எனக்கும் அது சரின்னுதான் படுது. வரட்டுங்களா? பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்."

சாயங்காலம் வீட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இந்நேரம் அந்த நாற்காலி எத்தனை சுத்து சுத்தியிருக்கும்?" என்றாள் மனைவி.

"கிண்டலா?"

"பின்ன? எல்லாருக்கும் ஒரே குறிக்கோளா எழுதிட்டு வாங்களேன். 'நல்ல மனுஷனா ஆவேன்'னு போட்டா எவன் வந்து மாத்தப் போறான்?"

அவள் சிரிப்பதற்காகச் சொன்னாள். அவர் விடிந்ததும் அதையே செய்தார்.

வியாழக்கிழமை முப்பத்திரண்டு தாளிலும் 'நல்ல மனிதர்'; எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. அளவை அவரவரே போட்டுக்கொள்ளலாம். முப்பத்தொரு பேர் தங்களுக்கு நூறு போட்டுக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் இருந்த, உருவத்தில் எல்லாரையும்விடச் சின்னவள் மட்டும் பன்னிரண்டு போட்டிருந்தாள். நாற்பதுக்குக் கீழே இருந்தால் தாள் செல்லாது.

"ஏன்மா பன்னிரண்டு?"

"தம்பி பென்சிலை நான்தான் எடுத்தேன் சார். அவனே தொலைச்சிட்டான்னு சொல்லிட்டேன்."

"ஒரு பென்சிலுக்கு எண்பத்தெட்டா குறைப்பாங்க? பத்து குறைச்சுக்கோ, போதும்."

"ஏத்திப் போட்டா அது இன்னொரு பொய் சார். பன்னிரண்டும் போயிடும்."

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் பின்னால் ஒரு கை உயர்ந்தது. "சார், நான் போன வாரம் வயித்துவலின்னு லீவு எடுத்தேன். அது வயித்துவலி இல்ல." இன்னொரு கை. இன்னொன்று. நாலு மணிக்குள் அந்த வகுப்பில் நற்குணம் மளமளவென்று சரிந்தது. தலைமையாசிரியை வந்தபோது செல்லாத தாள்கள் பத்தொன்பது.

"இது வகுப்பா, வாக்குமூலம் வாங்குற இடமா?" என்றார் அவர். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"பக்கத்து வகுப்புப் பூகோள டீச்சர் முப்பது தாளையும் ஒரே நாள்ல முடிச்சிட்டாங்க. முப்பது பேரும் இன்ஜினியர்."

வெள்ளிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து பழைய குறிக்கோள்களை மறுபடி எழுதவைத்து, பெற்றோரை வரவழைத்துக் கையெழுத்தும் வாங்கினார். விமானி திரும்பி வந்தான். நீதிபதி தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வாயாடி யோசித்து முடித்து விஞ்ஞானியாகவே ஆவதென்று இறங்கி வந்தான்; பஸ் டிரைவர் வாசலில் ஹார்ன் அடித்து, ஜன்னல் வழியாகவே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மூன்று நாற்பதுக்குத் தாள்கள் முப்பத்திரண்டு. வாத்தியார் தாள்கட்டை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இனி எவரும் தொட முடியாது.

கடைசி பெஞ்சில் ஏதோ அசைந்தது. வருஷம் பிறந்ததிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த தூங்குமூஞ்சி எழுந்து நின்றான். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"சார், ஒரு சந்தேகம்."

"உனக்குமா? கேளு."

"தாள்ல கடைக்காரர்னு எழுதியிருக்கேன். இப்பக் கனவுல வேற ஒண்ணா ஆயிட்டேன். எதை வச்சுக்கணும் சார்?"

'உட்காருடா' என்று சொல்ல வாயைத் திறந்தவர், "கனவுல என்ன ஆன?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"பாலம் கட்டினேன் சார். ஆத்துக்கு மேல ஆரம்பிச்சுது. அந்தக் கரைக்குப் போகாம, அப்படியே மேகத்துக்குப் போயிடுச்சு."

"எத்தனை தூண்?"

"எண்ணுறதுக்குள்ள முழிச்சிட்டேன்."

"அடடா, எண்ண வேண்டாம்டா, கணக்குப் போட்டா வந்துடும்." வாத்தியார் எழுந்துவிட்டார். கரும்பலகையில் ஓர் ஆறு வரைந்தார். மேகம் வரைந்தார். தூணுக்குத் தூண் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டார். விமானி எழுந்து மேகத்தின் உயரத்தைச் சொன்னான். விளக்கு ஏற்றுகிறவள், பாலத்தின் உச்சியில் ஒரு விளக்கு வேண்டும் என்றாள். தூங்குமூஞ்சி தானே ஓடிவந்து சாக்பீஸை வாங்கி வகுத்தான். நூற்றெட்டுத் தூண். "இன்னும் ரெண்டு சேர்த்துக்கோ, காத்தடிக்கும்" என்றார் வாத்தியார். கொஞ்ச நேரம் அந்த அறையில் யாருடைய காலும் தரையில் இல்லை.

அவர் நாற்காலிக்குத் திரும்பி, தூங்குமூஞ்சியின் தாளைக் கட்டிலிருந்து உருவினார். கடைக்காரரை அடித்தார். 'பாலம்' என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது.

மணி அடித்தது.

தலைமையாசிரியை எண்ணினார். "முப்பத்தொன்று" என்றார். கரும்பலகையைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பதவி பூகோள டீச்சருக்குப் போகுது சார். என்னை மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆடும் நாற்காலியில் வாத்தியார் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சுற்றும் நாற்காலி போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. பள்ளி மணியை அடிப்பவளும் வகுப்பறையைப் பெருக்குபவளுமான மணியக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தபோது, வலித்ததை அவளிடம் சொன்னார்.

"இருபத்துமூணு வருஷம் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்க்கா? ஒரே ஒரு குறிக்கோளை நாலு நாளைக்குச் சேர்ந்தாப்புல பிடிச்சு நிக்கத் தெரியல இந்தப் பிள்ளைங்களுக்கு."

மணியக்கா குனிந்து பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "என்ன சார் இப்படிச் சொல்றீங்க, நீங்க போயிடக்கூடாதுன்னு தினம் ஒருத்தர் தாளை மாத்தணும்னு ஆண்டுப் பரீட்சை வரைக்கும் முறை போட்டு என்கிட்ட குடுத்திருக்காங்க, நாலு மணி அடிச்சதும் நான்தான் டிக் போடுறேன், இன்னைக்கு வரைக்கும் நூறு சதவீதம்."