ரஷ்யாவுக்குப் பூ கேட்ட கதை

என் மனைவி கோகிலவாணியை ரஷ்யாவுக்குக் கூட்டிப் போவது என்று முடிவு செய்தேன். பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் இந்த நாச்சிமுத்து ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். வீட்டுக்கு வெளியே மட்டும்.

எங்கள் ஒரே மகள் சௌந்தர்யா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டருக்குப் படித்தாள். போனிலேயே எங்களை ஊர் சுற்ற வைப்பாள். ராஜாக்கள் குடியிருந்த அரண்மனை, அதில் அறை அறையாகப் படங்கள். கப்பல் போவதற்காக ராத்திரியில் இரண்டாகப் பிளந்து தூக்கிக்கொள்ளும் பாலம். ஒருமுறை மாஸ்கோ போய் கிரெம்ளின் கோட்டையைக் காட்டினாள். "அம்மாவக் கூட்டிட்டு வாங்கப்பா" என்பாள். தறி ஓடுகிறது, அப்புறம் பார்க்கலாம் என்பேன். போன வருஷம் லீவுக்கு வந்தவளைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து கோகிலவாணி வாசலைத் தாண்டவில்லை. என்னைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று கல்யாணமானவர்களுக்குத்தான் தெரியும். மகள் நடந்த தெருக்களைப் பார்த்தால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். ஈரோட்டில் ஒரு டிராவல்ஸில் இரண்டு பேருக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

"அடுத்த மாசம் ரஷ்யா போறோம் புள்ள."

"எதுக்குங்க?"

"சரித்திரம் பாக்கறதுக்கு."

"சங்ககிரிக் கோட்டையவே நீங்க இன்னும் ஏறிப் பாக்கலீங்க."

"அது எங்க போயிரப் போகுது?"

"ரஷ்யா மட்டும் எங்க போயிரப் போகுது? குளுருமுங்க. ஏற்காட்டுலயே போர்வைய விட்டு வெளிய வராதவரு நீங்க."

"ஸ்வெட்டர் வாங்கிட்டேன். உனக்கும் ஒண்ணு."

ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு, "அங்காளம்மங்கிட்டப் பூ கேட்டுப் பாப்போமுங்க. அம்மன் போகச் சொன்னா வாரேன்" என்றாள்.

அவளாகக் கோயிலுக்கு வருகிறேன் என்றதே எனக்குப் பெரிய விஷயம். எங்கள் பக்கம் எந்தக் காரியத்துக்கும் பூ கேட்பதுண்டு. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை என்றால் போகலாம், சிவப்பு என்றால் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

இவ்வளவு பெரிய காரியத்தை அம்மன் ஒருத்தியை நம்பி விட முடியுமா? வீட்டிலேயே இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தேன்.

கோயிலில் நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் கோகிலவாணி பொட்டலங்கள் இருந்த தட்டோடு உள்ளே போய்விட்டாள். பூசாரி கண்ணுசாமி கற்பூரம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

"அம்மன் உத்தரவு குடுக்கலீங்க" என்றார்.

'இரண்டிலும் வெள்ளைதானே வைத்தேன்' என்று அம்மன் முன்னால் நின்று எப்படிச் சொல்வது? மெதுவாக மற்றதையும் எடுத்துப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

வெளியே வந்ததும் கோகிலவாணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான் மடித்த இரண்டு பொட்டலமும் அதில் இருந்தன.

"நீங்க வெள்ளை அரளியவே ரெண்டு பறிக்கறப்ப ஜன்னல்ல பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"வர இஷ்டமில்லீன்னா சொல்றதுதான புள்ள?"

"சொன்னா நீங்க எங்கீங்க கேக்கறீங்க?" என்றவள் செருப்பை மாட்டாமல் நின்றாள். "அவ லீவு முடிஞ்சு மறுக்கா அங்க போயிட்டான்னு நெனச்சுத்தானுங்க நான் பொழுதை ஓட்டறேன். அந்தக் காலேஜு வாசல்ல போயி நின்னு, எல்லாப் புள்ளைகளும் வெளிய வந்து, அவ மட்டும் வரலீன்னா? அப்புறம் அவளை எங்க இருக்கறான்னு நான் நெனைக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளிடம் மறைக்கத் தோன்றவில்லை.

"வேணும்னா நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "வந்து, அவளப் பாத்தேன், நல்லா இருக்கறான்னு எங்கிட்டச் சொல்லோணும்."

"அதெப்படிச் சொல்றது?"

"அம்மங்கிட்டயே பொய் சொன்னவருக்கு எங்கிட்டச் சொல்ல வராதுங்களா?"

"வராது புள்ள."

"அப்ப ஊட்டுலயே இருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.