பூட்டிய கதவும் பிரசன்ட் பெர்பெக்டும்

சாவி ஜன்னல் கம்பிகளைத் தாண்டிப் பறந்த பிறகுதான் திருஞானசம்பந்தத்துக்கு வியர்த்தது.

"ஐ ஹேவ் லாக்டு த டோர். ஐ ஹேவ் த்ரோன் த கீ!" என்று இங்கிலீஷ் இலக்கண வகுப்பில் முழங்கியாகிவிட்டது. பிரசன்ட் பெர்பெக்ட் என்றால் காரியம் முடிந்திருக்க வேண்டும். அதன் பலன் கண்ணெதிரே நிற்க வேண்டும். நின்றது. பையன்களோடு, வகுப்பைப் பார்வையிட வந்த பள்ளி இன்ஸ்பெக்டர் ஐயம்பெருமாளும் ஜன்னலோர நாற்காலியில் அகப்பட்டிருந்தார். அவர் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால்தான் திருஞானசம்பந்தத்தின் தற்காலிக வாத்தியார் வேலை நிலைக்கும்.

"ஏலே இசக்கி, சாவி கெடைச்சுதா?"

பள்ளிக்கூடத்துப் பியூன் இசக்கி ஜன்னலுக்கு வெளியே புல்லுக்குள் குனிந்திருந்தான். "எங்கன விழுந்துதோ ஐயா! பைய தேடுதேன்."

பொறுக்க முடியாமல் திருஞானசம்பந்தம் பிரம்பை ஜன்னல் வழியே நீட்டித் தானே கிளறினார். முழங்கை பட்டு, மைக்கூடு இன்ஸ்பெக்டரின் வெள்ளைக் கோட்டில் கவிழ்ந்தது.

"ஹி ஹேஸ் ஸ்பில்ட் த இங்க்!" வகுப்பே ஒரே குரலில் கூவியது. ஹேவ் ஹேஸாக மாறவேண்டிய இடத்தில் பிசகாமல் மாறியது.

"வாயை மூடுங்கலே!" ஈரத்துணியால் துடைத்தார். மை தோள்வரை பரவியது.

"ஹி ஹேஸ் ஸ்பாயில்டு த கோட்!"

கதவுக்கு வெளியே தலைமை ஆசிரியர் கைலாசம் தவித்தார். "என்னவே செஞ்சு வச்சிருக்கீரு? இன்ஸ்பெக்டருக்கு வரவேற்புப் பாமாலை பாட பண்டிதர் சங்கரசுப்பிரமணியன் காத்துக் கெடக்காரு. நூறு பாட்டு, பதவுரை வேற! இருட்டுமுன்ன அவரு திருச்செந்தூருக்கு வண்டி ஏறணும்வே!"

திருஞானசம்பந்தம் தோளால் கதவை இடித்தார். தோள்தான் வீங்கியது. பண்டிதர் கோபித்துக்கொண்டு கிளம்பினார். தலைமை ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். வேலை போனது போனதுதான் என்று திருஞானசம்பந்தம் பெஞ்சில் சரிந்தார்.

அப்புறம்தான் இசக்கி கத்தினான். "கெடைச்சிட்டு ஐயா!"

கதவு திறந்தது. மை வழிந்த கோட்டோடு இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, திருஞானசம்பந்தத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, பிரசன்ட் பெர்பெக்டை இப்படி யாரும் நடத்திப் பார்த்ததில்லை. உம்ம வேலை நிரந்தரம். இந்த உபகாரத்தை மறக்கமாட்டேன்வே!"

உபகாரமா? திருஞானசம்பந்தத்துக்கு விளங்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. இன்ஸ்பெக்டர் போனதும் இசக்கியிடம் ஓடிப்போய்க் கை கூப்பினார்.

"நீ சாவியைத் தேடித் தரலைன்னா என் குடும்பமே தெருவுலதான், இசக்கி!"

"ஐயையோ, கும்பிடாதிய! சாவி அப்பவே நேரா என் கையிலதான் விழுந்துது; பண்டிதர் வண்டி ஏறுத வரைக்கும் குடுக்காதேன்னு இன்ஸ்பெக்டர் ஐயாதான் கண்ணைக் காட்டினாவ."