பக்கத்துப் பேட்டரியின் ஆரோக்கியம்

கருவி சொல்வது பிடிக்காவிட்டால் நாம் கருவியைத்தான் சந்தேகிப்போம். எடை மெஷினை நகர்த்தி வைத்து மறுபடி ஏறிப் பார்க்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

என் மனைவியின் அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஆயுளெல்லாம் பாரம் ஏற்றப் பெட்டி கட்டியவர், திடீரென்று ஒரு வண்டிக்குள் கட்டில், அடுப்பு, சிறு ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து அதை வீடாக்கினார். அதைப் பார்த்து யாராவது ஆர்டர் கொடுத்தால்தான் புதுத் தொழில். இல்லாவிட்டால் மறுபடி தார்ப்பாயும் கொக்கியும். அதில் மின்சாரம் என் பொறுப்பு. (தகுதி? மழை பெய்த நாள் முதல் சிலிண்டர் மாற்றிய நாள் வரை தேதி போட்டு எழுதும் நோட்டு. கூடவே, பேட்டரி பற்றிப் படித்த இரண்டு புத்தகங்கள்.)

வண்டியில் இரண்டு பேட்டரிகள். இரண்டும் சேர்ந்தால்தான் எஞ்சின் கிளம்பும். ஒன்று படுத்தாலும் வண்டி படுத்துவிடும். லாரியில் பாட்டுப் பெட்டிக்கு எடுப்பதுபோல, ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் முதல் பேட்டரியில் இருந்து மட்டும் வயர் இழுத்திருந்தார் மச்சான். அந்தப் பேட்டரியின் வோல்ட்டைக் காட்ட அடுப்புக்கு மேலே ஒரு சின்ன மீட்டர். 12.6-க்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

திங்கள் காலை 12.4. செவ்வாய் 12.1. புதன் 11.7. சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

"மீட்டர் சரியில்லைங்க மச்சான்."

புது மீட்டர் மாட்டினேன். வியாழன் 11.5. மூன்றாவது மீட்டரும் முந்தைய இரண்டோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. ஃபியூஸை மாற்றினேன், வயர் முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். சனிக்கிழமை மாலை 4.10-க்கு ஞானம் பிறந்தது. மீட்டரின் இரண்டு வயர்களையும் கழற்றிப் பக்கத்துப் பேட்டரியில் மாட்டினேன். 12.8!

"புடிச்சுட்டனுங்க மச்சான்!"

"என்ன கோளாறுங்க மாப்ள?"

"மாட்டுன எடம் சரியில்லீங்க."

(இதைச் சொன்னபோது எனக்கு வயது நாற்பத்தாறு. சிறுவயது என்று தப்பிக்கவும் வழியில்லை.)

மறுநாள் ஞாயிறு, வெள்ளோட்டம். ஆர்டர் கொடுக்கலாமா என்று பார்க்கத் திருச்செங்கோட்டில் இருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். முப்பது வருடம் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டவர். அந்த ஊர்களை இனி மனைவிக்குக் காட்ட ஆசை. ஜேடர்பாளையம் அணைப் பக்கம் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினோம். மீன் வறுவல், அப்புறம் ஃப்ரிட்ஜில் இருந்து ஜில்லென்று மோர். "12.8 பாருங்க" என்று நான் மூன்று முறை சொன்னேன்.

மதியம் 2.35. மச்சான் சாவியைத் திருப்பினார். 'டிக்'. அவ்வளவுதான்.

மச்சான் முகத்தில் தார்ப்பாய் விழுந்தது.

"12.8 இருக்குதுங்களே!" என்றேன்.

ரிக்காரர் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, வயரை விரலாலேயே தொடர்ந்தார். "ஏனுங்க, ஃப்ரிட்ஜ் இந்தப் பேட்டரியத் திங்குது. மீட்டரு அந்தப் பேட்டரியப் பாக்குது. யாருங்க மாட்டுனது?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் காவிரியைப் பார்த்தேன்.

அந்த அம்மா மோர் டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "காச்சக்காரன் இங்க கெடக்க, பக்கத்து ஊட்டுக்காரனத் தொட்டுப் பாத்த கதையால்ல இருக்குது!"

மேட்டில் நின்றதால் பிழைத்தோம். மச்சான் ஸ்டியரிங்கில், நானும் ரிக்காரரும் பின்னால். தள்ள ஆரம்பித்த நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டுக்கு ஒரு கை போதுமுங்க," என்றார் ரிக்காரர் மூச்சு வாங்க. "இன்னொண்ணுல தள்ளுங்க!"

2.52-க்கு எஞ்சின் உறுமியது.

நாமக்கல் வரும்வரை மச்சான் எஞ்சினை அணைக்கவே இல்லை. பட்டறை வாசலில் இறங்கிய ரிக்காரர், "கட்டில், அடுப்பெல்லாம் நல்லாருக்குதுங்க. இதே மாதிரி ஒண்ணு கட்டுங்க," என்றார். "ஊட்டுச் சாமானுக்குத் தனியா ஒரு பேட்டரி வெச்சுருங்க. அப்புறம், இவரு நோட்டு எழுதட்டும். ஸ்பானர மட்டும் கையில குடுத்துராதீங்க."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் நல்ல செய்தி சொன்னாலும், "எந்தப் பேட்டரியில பாத்தீங்க?" என்று கேட்பது வழக்கம். போன வாரம் வீட்டு மெஷினில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்றேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "எந்தக் கையிலங்க பாத்தீங்க?"

"எடது."

"மொதல்ல எந்தக் கையில பாத்தீங்க?"

வலது கையில் மறுபடி பட்டையைச் சுற்றினேன்.