ஓடுகிற கணினியைத் திருத்துகிறவர்

வீட்டுக்கு ஒருவர் என்றால் மிகை, ஊருக்கு ஒருவர் என்றால் பொய். இரண்டுக்கும் நடுவே கணிசமான எண்ணிக்கையில் வாழும் இந்த இனத்துக்கு ‘சிஸ்டம் ஒப்பிடுவோர்’ என்று பெயர் வைப்போம். நீங்கள் கணினி வாங்கிய செய்தி உங்கள் சொந்தத் தம்பிக்கு எட்டும் முன்பே இவருக்கு எட்டிவிடும். வாழ்த்த மாட்டார். “உள்ள என்ன சிஸ்டம் போட்டிருக்கீங்க?” என்பார், கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளைத்தான் கேட்கிறார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, “ம்ம்... பரவாயில்ல” என்பார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்கிற ‘பரவாயில்ல’ அது. அதற்கப்புறம் உங்களுக்குச் சோறு இறங்குமா?

நம்முடையவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். குடியிருப்பில் அவருக்கு ‘ஃபார்மட்’ என்று பெயர். யாருடைய கணினி எதற்காகத் திணறினாலும், ஏன், விசைப்பலகையில் காப்பி கொட்டியிருந்தாலும்கூட, அவர் சொல்கிற மருந்து ஒன்றுதான்: “ஃபார்மட் அடிச்சிட்டு வேற சிஸ்டம் போட்டுடலாம்.” இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனவர், மூலையில் இருந்த கணினியைப் பார்த்துவிட்டு, “இதை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் தாங்கினாரே!” என்று கண்கலங்கினார். உண்மையான கண்ணீர். அந்த வீட்டார் இன்றைக்கும் அவரைப் பாசக்காரர் என்றுதான் நம்புகிறார்கள்.

ஒன்பது மாதத்தில் பதினொரு சிஸ்டங்களைத் தன் கணினியில் ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பெரிய அட்டைத்தாளில், கோடு போட்டு, மதிப்பெண் பட்டியல் தயாரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார். ‘நிலைத்தன்மை’ பத்துக்கு இத்தனை, ‘பயன்பாட்டு எளிமை’ பத்துக்கு இத்தனை. எத்தனை நொடியில் விழிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார். ஒரே மூச்சில் நாற்பது பக்கங்களைத் திறந்துவிட்டு மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பார். ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கி, மறுபடி செருகி, பிழைத்து எழுகிறதா என்று பாசத்தோடு காத்திருப்பார். சரி, கணினியில் அவர் செய்கிற வேலைதான் என்ன? இதுதான்.

அந்த வீட்டில் கணினியை வைத்து வேலை செய்கிறவர் அவர் மனைவி.

செவிலியர் கல்லூரியில் காது கேளாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். ஆசிரியர் இணையவழியில் பாடம் நடத்த நடத்த, அந்த அம்மாள் தன் அறையிலிருந்து அதைக் கேட்டு, கேட்ட வேகத்திலேயே தட்டச்சு செய்வார். மாணவி திரையில் படித்துக்கொள்வாள். பெண்ணுக்கு ஆசிரியரின் குரல் இந்தப் பத்து விரல்கள்தான். விரல்கள் பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவை. எந்த எழுத்து எங்கே என்று அவரைக் கேட்டால் தெரியாது. விரலைக் கேட்டால் தெரியும். பயன்பாட்டு எளிமை பற்றி அவருக்கு இருந்த கொள்கை ஒரே வரி: “திறந்தா திறக்கணும், அடிச்சா விழணும்.” எட்டு வருடப் பழைய அவருடைய கணினி அந்த இரண்டையும் செய்தது. ஃபார்மட்டுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது.

அன்பு பொங்கினால் சிலர் பூ வாங்குவார்கள், சிலர் புடவை வாங்குவார்கள். திருமண நாளன்று காலை, மனைவி காய் வாங்கப் போன ஒன்றரை மணி நேரத்தில், ஃபார்மட் அவருடைய கணினியைத் துடைத்துப் புதுசு போட்டார்.

பையோடு உள்ளே வந்த மனைவி திரையைப் பார்த்தார். நீல நிறத்தில் ஒரு மலை தெரிந்தது.

“என்னங்க இது?”

“சர்ப்ரைஸ். பதினோரு சிஸ்டத்துல முதல் மார்க் வாங்கினது. உனக்காகத்தான்.”

“பத்து மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு.”

“தாராளமா எடு. உன் ஃபைல் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். முன்ன ஆன் ஆக ஒன்றரை நிமிஷம் ஆச்சு, இப்ப பாரு, பதினாலே செகண்ட்!”

மணி பத்தாகப் பதினைந்து நிமிடம். மனைவி உட்கார்ந்து ‘இதயம்’ என்று அடித்தார். யாரோ தும்மியது மாதிரி ஒரு வரி விழுந்தது.

“என் எழுத்து எங்கங்க?”

“அந்தப் பழைய முறை இதுல வராதும்மா. அம்மான்னு வேணும்னா ஏ, எம், எம், ஏ அடி. குழந்தைகூட அடிக்கும்.”

“அப்ப ஒரு குழந்தையக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க.”

“ரெண்டு நாள்ல கை பழகிடும்...”

“நாளன்னைக்குப் பரீட்சைங்க அவளுக்கு! போன தடவ இதே பேப்பர்ல போயிடுச்சு. இந்தத் தடவையும் போனா ஒரு வருஷம் வீட்ல உக்காரணும். இன்னைக்குத்தான் கடைசி ரிவிஷன். ஓடுற லிஃப்ட்ட தொடக்கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல போர்டு மாட்டியிருக்கீங்கல்ல?”

“அது லிஃப்ட்.”

“பழசையே திரும்பப் போடுங்க.”

“ஒரு மணி நேரம் ஆகும்.” சற்று யோசித்து, கடமை தவறாமல், “அதோட அது ரொம்ப நிலையில்லாதது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தாலி கட்டிய கையைத் திரும்பிப் பார்க்கும் பார்வை என்று ஒன்று உண்டு. மனைவி பார்த்தார். பிறகு எழுந்துபோய், கூடத்துச் சுவரிலிருந்த பதினொரு அட்டைத்தாள்களையும் கிழித்து எடுத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“ஐயோ, அது ஒன்பது மாச உழைப்பு!”

“புடிங்க.”

கைப்பேசியைப் புத்தகங்களுக்கு மேல் சாய்த்து வைத்து வகுப்பில் நுழைந்தார். அதில் கட்டைவிரலால் அடித்தால் ஆசிரியர் இதயத்தின் மூன்றாவது வால்வைத் தாண்டும்போது இவர் முதல் வால்வில் இருப்பார். அதனால், மனைவி காதில் வாங்கி முக்கியமானதை மட்டும் தடித்த பேனாவால் எழுத, ஃபார்மட் தாளை மார்போடு அணைத்து கேமராவுக்கு நேரே நின்றார். ‘இதயம். நான்கு அறைகள்.’ அடுத்து, ‘வலது மேலறையிலிருந்து கீழறைக்கு: மூவிதழ் வால்வு.’ திரையின் மூலையில் அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வால்வுகள் இப்படியே ஒப்பேறின. ஆயுளில் முதல்முறையாக ஃபார்மட் ஒரு வேலைக்குப் பயன்பட்டார்.

மூன்றாவது வால்வில் கை மாறி, ஒரு தாள் திரும்பிக்கொண்டது. பட்டியல் கேமராவைப் பார்த்தது.

“ஒரு நிமிஷம்,” என்றார் ஆசிரியர். “அந்தத் தாளைக் கொஞ்சம் கிட்ட காட்டுங்க. நிலைத்தன்மைக்கு ஏழரையா? யாரு சார் மார்க் போட்டது?”

ஃபார்மட்டின் முகம் மலர்ந்தது. பிரிந்த சகோதரனைக் கூட்டத்தில் கண்டவருக்குத்தான் அப்படி மலரும். “நான்தான் சார்!”

“அநியாயம் சார். நான் ஆறு வருஷமா வச்சிருக்கேன். ஒரு தடவை படுத்ததில்ல.”

“நாற்பது பக்கம் திறந்து பாத்தீங்களா?”

“எதுக்கு சார் நாற்பது?”

“அப்படிக் கேளுங்க!”

முப்பது மாணவிகள் காத்திருந்தார்கள். இரத்தம் மூன்றாவது வால்வின் வாசலில் நின்றது. மனைவியின் பேனா காற்றில் நின்றது. அவர் “சார், சார்” என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். நிலைத்தன்மை பற்றிப் பேசுகிற இருவர் காதில் மூன்றாவது குரல் விழுந்ததாகச் சரித்திரம் உண்டா? அந்தப் பெண்ணுக்கோ இரண்டு வாய்கள் ஆவேசமாக அசைவது மட்டும் தெரிந்தது. சார் இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு இதற்கு முன் பாடம் எடுத்ததில்லை. முக்கியமான இடமாகத்தான் இருக்க வேண்டும். எழுத்துக்காகக் காத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் பார்க்கும் செய்திப் பகுதியில் பதற்றத்தோடு ஒரு கேள்வி போட்டாள்:

“அக்கா, சார் என்ன சொல்றாரு? இது பரீட்சைக்கு வருமா?”

மனைவி புதுத் தாளை எடுத்தார். முழுத் தாளையும் அடைத்து ஒரே சொல் எழுதினார். கணவரிடம் தரவில்லை, தானே எழுந்து, அவரைத் தோளால் தள்ளிவிட்டு, கேமராவுக்கு முன்னால் பிடித்தார்.

‘வராது.’

முப்பது மாணவிகளும் படித்தார்கள். ஆசிரியரும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருமினார். “மூன்றாவது... ஈரிதழ் வால்வு” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது: ‘நாலு வால்வும் புரிஞ்சுடுச்சுக்கா. நீங்க எழுதினதைப் பார்த்தே வரைஞ்சிட்டேன்.’ மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பழசப் போடுங்க” என்றார். ஃபார்மட் மறுபேச்சில்லாமல் போட்டார். ஒன்றரை நிமிடத்தில் அது நிதானமாக விழித்தது. ‘இதயம்’ என்று அடித்ததும் இதயமே விழுந்தது.

“என்ன இருந்தாலும்,” என்று தொடங்கிய ஃபார்மட், மனைவியின் முகத்தைப் பார்த்ததும், “காய் நறுக்கித் தரட்டுமா?” என்று முடித்தார்.

இவ்வளவு பொறுமையாகப் படித்த உங்களை ஒன்று கேட்கலாம் அல்லவா? அந்தப் பெண் தேறினாளா என்று நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டது எந்த சிஸ்டம், நீல மலை எதில் வரும், ஏழரை வாங்கியது எது, அதன் பெயரை ஏன் கடைசிவரை சொல்லவில்லை, அதைத்தானே உள்ளுக்குள் குடைந்துகொண்டிருந்தீர்கள்? எதுவென்று இந்நேரம் கண்டுபிடித்தும்விட்டீர்கள். ஏழரை அதற்குக் குறைவு என்றும் உங்களுக்குத் தோன்றுகிறது.

அவள் தேறிவிட்டாள். உங்கள் வீட்டார்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.